வாசகர் கேள்வி – பதில்: ஓபராவில் ஆண்களின் கனத்த குரல்

மேற்கத்தியச் செவ்வியல் இசையில் ‘பேஸ்’ என்று அழைக்கப்படும் ஆண்களின் கனத்த குரலைப் பற்றிச் சென்ற இதழில் ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். கேட்டுப் பழகியவர்களுக்கு அதைவிட நெருக்கமான குரல் வேறில்லை என்று அதில் சொல்லியிருந்ததைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (திருச்சி வாசகர்): பேஸ், பாரிடோன் என்றெல்லாம் எழுதுகிறீர்கள். கர்நாடக சங்கீதம் மட்டுமே கேட்டு வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு, அந்தக் குரல்கள் எவ்வளவு கீழே இறங்குகின்றன என்பதை நம் கணக்கில் சொல்ல முடியுமா?

பதில்: முடியும். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகர் ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஆதார ஷட்ஜம் வினாடிக்கு ஏறக்குறைய 131 அதிர்வுகள் கொண்டது. கச்சேரியில் அவர் பெரும்பாலும் மந்தர ஸ்தாயி பஞ்சமம் வரை இறங்குவார். அது 98 அதிர்வு. பேஸ் பாடகரின் வழக்கமான எல்லை அதற்கும் கீழே, மந்தர ஸ்தாயி அந்தர காந்தாரத்தில், அதாவது ஏறக்குறைய 82 அதிர்வில் தொடங்கி, மேலே தார ஸ்தாயி காந்தாரம் வரை செல்கிறது. பாரிடோன் குரல் அதைவிட இரண்டு மூன்று சுரம் மேலே வசிப்பது. இரண்டுக்கும் நடுவில் நிற்பதை பேஸ்-பாரிடோன் என்கிறார்கள்.

ஆனால் இந்த வகைப்பாட்டில் எல்லையைவிட முக்கியமானது, குரல் எந்த இடத்தில் சிரமமின்றித் தங்குகிறது என்பதுதான். கீழ்ச் சுரத்தை எட்டிப் பிடித்துவிட்டு உடனே மேலேறிவிடுகிற பாரிடோன்கள் உண்டு. பேஸ் பாடகருக்கோ அது எட்டிப் பிடிக்க வேண்டிய இடம் அல்ல; அவர் குடியிருக்கும் வீடு. அங்கே நின்றுகொண்டு அவர் சொற்களைத் தெளிவாக உச்சரிக்கவும், ஒலியைக் கூட்டவும் குறைக்கவும், ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் நெய்யவும் வேண்டும்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): ‘உலகிலேயே மிகத் தாழ்ந்த குரல்’ என்ற தலைப்பில் காணொளிகள் நிறைய வருகின்றன. யார் அதிகம் கீழே போகிறாரோ அவர்தான் சிறந்த பேஸ் பாடகரா?

பதில்: இல்லை. ஆயினும் அந்த வியப்பு பழையது, மதிக்கத் தக்கது. மோட்சார்ட் 1782-இல் வியன்னாவில் அரங்கேற்றிய ‘செராலியோவிலிருந்து (அந்தப்புரத்திலிருந்து) கடத்தல்’ என்ற ஓபராவில், அதாவது இசைநாடகத்தில், ஒஸ்மின் என்ற முரட்டுக் காவலன் பாத்திரத்தை லூட்விக் ஃபிஷர் என்ற பாடகருக்காகவே எழுதினார். முந்தைய ஆண்டு தந்தைக்கு எழுதிய கடிதத்தில், ஃபிஷரின் குரல் பேஸுக்கே மிகத் தாழ்வாக இருக்கிறது என்று சால்ஸ்பர்க் பேராயர் குறைப்பட்டதையும், அடுத்த முறை அவர் மேலே பாடுவார் என்று தாம் சமாதானம் சொன்னதையும் மோட்சார்ட் குறிப்பிடுகிறார். அப்படிச் சொன்னவர்தான் ஒஸ்மினை மந்தர ஸ்தாயி ரிஷபம் வரை இறக்கினார், 73 அதிர்வு. பேராயர் குறையாகக் கண்டதை அவர் பாத்திரத்தின் உயிராக்கினார். எதிரிகளைத் தூக்கிலிடப் போகும் மகிழ்ச்சியில் துள்ளுகிற ஒஸ்மின், அந்த ரிஷபத்தில் வந்து நீண்ட நேரம் அசையாமல் நிற்கும்போது, அவனுடைய மூர்க்கம் எவ்வளவு அடிவரை பாய்ந்தது என்பதை நாம் காதால் அளந்துவிடுகிறோம். அந்தச் சுரம் அங்கே இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. காணொளிகளில் வருகிற பெரும்பாலான உறுமல்களுக்கு அப்படி ஒரு காரணமும் இல்லை.

அதற்கும் கீழே போவதற்குக் காரணமுள்ள ஒரு மரபு ரஷ்யாவில் இருக்கிறது. அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் தேவாலய வழிபாட்டில் வாத்தியங்களுக்கு இடமில்லை. ஆர்கன் என்ற பெரிய குழல் வாத்தியம் செய்ய வேண்டிய வேலையை மனிதத் தொண்டையே செய்ய வேண்டியிருந்ததால், மற்ற பேஸ்களுக்கும் ஒரு ஸ்தாயி கீழே பாடும் ‘அக்தவிஸ்த்’ என்ற பாடகர்கள் அங்கே உருவானார்கள். ரஹ்மானினோவ் 1915-இல் எழுதிய ‘இரவு முழுவதுமான விழிப்பு வழிபாடு’ என்ற படைப்பின் ஐந்தாம் பகுதி, “ஆண்டவரே, உமது அடியேனை இப்பொழுது சமாதானத்தோடே போகவிடுகிறீர்” என்று பைபிளில் முதியவர் சிமியோன் சொல்லும் சொற்களுக்கு அமைந்தது. அதன் முடிவில் பேஸ்கள் மட்டும் ஒவ்வொரு படியாக இறங்கி, நம் ஒரு கட்டைக் கணக்கில் மந்தர ஷட்ஜத்தையும் தாண்டி அனுமந்தர நிஷாதத்தில், 58 அதிர்வில் போய் அமர்கிறார்கள். பாடகர் குழுவை நடத்திய நிக்கொலாய் தானீலின் இதைப் பார்த்துவிட்டு, வசந்தத்தில் விளையும் ஆஸ்பாரகஸ் காய் கிறிஸ்துமஸ் காலத்தில் கிடைப்பதைப் போன்றல்லவா இருக்கிறது, இப்படிப்பட்ட பேஸ்களுக்கு நான் எங்கே போவேன் என்று கேட்டாராம். தேடிக் கண்டுபிடித்தார்கள். தம்முடைய இறுதிச் சடங்கில் இந்தப் பகுதி பாடப்பட வேண்டும் என்று ரஹ்மானினோவ் விரும்பினார். முதியவர் ஒருவர் கண்மூடுவதைக் கையால் தொட்டு உணர்வதைப் போல இருக்கும் அந்த இறக்கத்தைக் கேட்டவர்கள், அதை ஒரு சாதனையாக எண்ணிப் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): கேட்க ஆசை இருக்கிறது, ஆனால் மூன்று மணி நேர ஓபராவுக்குப் பொறுமை இல்லை. ஒரே ஒரு பாடலைச் சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன்.

பதில்: ஒன்றே ஒன்று என்றால், வெர்டியின் ‘டான் கார்லோஸ்’ ஓபராவில் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப் தனியாக இருந்து பாடும் பாடல். இத்தாலிய வடிவத்தில் ‘எல்லா ஜம்மாய் மாமோ’ என்று தொடங்கும். ‘அவள் என்னை ஒருபோதும் நேசித்ததில்லை’ என்பது பொருள். ஓபரா முதன்முதலில் 1867-இல் பாரிஸில் பிரெஞ்சு மொழியில் மேடையேறியது.

சூழலை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பிரான்ஸின் இளவரசி எலிசபெத், பிலிப்பின் மகன் கார்லோஸுக்கு நிச்சயிக்கப்பட்டவள். இரு நாடுகளுக்கும் இடையே சமாதானம் வேண்டி, மகனுக்குப் பேசிய பெண்ணைத் தந்தை மணந்துகொள்கிறார். இப்போது விடியும் நேரம். இரவு முழுவதும் தூங்காத அரசர் மேசைமுன் உட்கார்ந்திருக்கிறார். மெழுகுவத்திகள் எரிந்து தீரப் போகின்றன. முதலில் தனிச் செல்லோ ஒன்று பேசுகிறது. மனிதக் குரலுக்கு மிக அருகில் நிற்கும் அந்த வாத்தியம் அரசரின் மனத்துக்குள் நடப்பதைச் சொல்லி முடிக்கும் வரை அவர் வாய் திறப்பதில்லை.

திறக்கும்போதும் அவர் ‘பாடுவதில்லை’. கனவில் பேசுகிறவரைப் போல, ஒன்றிரண்டு சுரங்களுக்குள்ளேயே, தமக்குத் தாமே முணுமுணுக்கிறார். பிரான்ஸிலிருந்து வந்த அன்று அவள் தம்முடைய நரைத்த தலையைத் துயரத்தோடு பார்த்தது நினைவுக்கு வருகிறது. வரலாற்றில் அந்தத் திருமணத்தின்போது பிலிப்புக்கு 32 வயதுதான். ஆனால் ஓபராவின் பிலிப் முதியவர். அந்த முதுமையைத் தோற்றத்தைவிட அதிகமாகக் கொடுப்பது பேஸ் குரல்தான். பிறகு குரல் மெல்ல விரிகிறது. என் அரச அங்கியைப் போர்த்திக்கொண்டு நான் தனியாகத் தூங்குவேன், என் நாள் மாலையை அடைந்த பிறகு, எஸ்கோரியால் என்ற அரச மடாலயத்தின் கல்லறை வளைவுகளுக்கு அடியில் தூங்குவேன் என்ற அடிகளில், தூக்கம் வராத ஒருவர் சாவைத் தூக்கமாக எண்ணி ஏங்குவது கேட்கிறது. மகுடம் எனக்கு மனித மனங்களைப் படிக்கும் ஆற்றலைத் தந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் குரல் உயர்ந்து எழுகிறது. எழுந்தது நிற்க முடியாமல் முதல் வரிக்கே திரும்பி, அதே முணுமுணுப்பில் அடங்கிவிடுகிறது.

கேட்கும்போது இரண்டு இடங்களைக் கவனியுங்கள். முதல் வரியைப் பாடகர் எவ்வளவு மெதுவாகத் தொடங்குகிறார் என்பது ஒன்று. மெல்லிய ஒலியில் குரலின் கனம் குறையாமல் இருந்தால் அவர் தேர்ந்தவர். மூச்சை எங்கே எடுக்கிறார் என்பது மற்றொன்று. ‘தூங்குவேன்’ என்ற சொல்லுக்கும் ‘தனியாக’ என்ற சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கினால் அரசர் மறைந்து பாடகர் மட்டும் எஞ்சுவார்.

பாடல் முடிந்ததும் ஒலிப்பதிவை நிறுத்திவிடாதீர்கள். அடுத்த பத்து நிமிடங்கள் ஓபரா உலகில் இணையற்றவை. தொண்ணூறு வயதான, கண்தெரியாத, கத்தோலிக்கத் திருச்சபையின் மதவிசாரணைத் தலைவர், இரண்டு துறவிகள் கைபிடித்து அழைத்து வர உள்ளே நுழைகிறார், அவரும் பேஸ். ஒரு பேஸுக்கு எதிரே இன்னொரு பேஸை நிறுத்தி, இருவரின் குரல் நிறத்தை மட்டும் கொண்டே அரியணையும் மதபீடமும் மோதுவதை வெர்டி காட்டுகிறார். பெற்ற மகனைக் கொல்லச் சம்மதிக்கலாமா என்று அரசர் கேட்கிறார். நம்மை மீட்பதற்காகக் கடவுள் தம் சொந்த மகனையே பலி கொடுத்தார் என்று கிழவர் பதில் சொல்கிறார். அரசரின் குரலில் மனித வெப்பம் இருக்கிறது. எதிரே கேட்கும் குரலில் கருங்கல்லின் குளிர்ச்சி இருக்கிறது. இறுதியில் அரியணை எப்போதும் பீடத்தின் முன் பணிந்துதான் ஆக வேண்டுமா என்று பிலிப் சொல்லும் வரி, குரலின் மேல் எல்லையிலிருந்து கீழெல்லை வரை சரிந்து விழுகிறது. பல்கேரியரான நிக்கொலாய் கியாவுரோவ் பிலிப்பாகவும், பின்லாந்தின் மார்த்தி தல்வேலா விசாரணைத் தலைவராகவும் பாட, ஜார்ஜ் ஷோல்ட்டி நடத்திய 1965-ஆம் ஆண்டு ஒலிப்பதிவில் இந்த இடம் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிய வைக்கிறது.

ஒரு வேண்டுகோள். கைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். எண்பது தொண்ணூறு அதிர்வுகளை அதனால் ஒலிக்க முடியாது. அடிச்சுரத்தோடு சேர்ந்து மேலே எழும் துணையொலிகளை வைத்து மூளை அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது, அவ்வளவே. நான் முதன்முதலில் இந்தப் பாடலைப் பேருந்தில் கைபேசியில் கேட்டுவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று ஒதுக்கிவைத்தேன். பல மாதங்கள் கழித்து நண்பர் வீட்டுக் கூடத்தில் நல்ல ஸ்பீக்கரில் கேட்டபோது, கையில் பிடித்திருந்த காபி டம்ளரின் விளிம்பில் அந்தச் செல்லோவின் அதிர்வு தெரிந்தது. குரல் வந்தபோது டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

கேள்வி (மதுரை வாசகர்): எழுபது எண்பது வாத்தியங்கள் முழங்க, மைக் இல்லாமல் இந்தக் கீழ்க்குரல் கடைசி வரிசைக்கு எப்படி எட்டுகிறது?

பதில்: பலத்தால் அல்ல. ஆர்கெஸ்ட்ராவின் ஒலி ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 500 அதிர்வு) பகுதியில் மிக வலுவாக இருந்து, அதற்கு மேலே போகப் போகக் குறைகிறது. பயிற்சி பெற்ற பாடகர் குரல்நாளங்களுக்குச் சற்று மேலே உள்ள குழாய்ப் பகுதியை ஒடுக்கியும், அதற்கு மேல் தொண்டையை விரித்தும் வைத்துக்கொள்வதால், 2,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் துணையொலிகள் திரண்டு நிற்கின்றன. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுந்த்பெரி இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வாத்தியங்கள் மெலிந்திருக்கும் அந்த இடைவெளி வழியாகக் குரல் வெளியே வருகிறது. ஆகவே நல்ல பேஸ் குரலில் இருட்டு மட்டும் இருப்பதில்லை. அதன் மேல் வெண்கல மணியின் ஓரத்தைப் போன்ற ஒரு மினுக்கமும் இருக்கும். அந்த மினுக்கம் இல்லாத கனம் மூன்றாம் வரிசையைத் தாண்டாது.

கேள்வி (சேலம் வாசகர்): காதலன் பாத்திரம் எல்லாம் மேல்ஸ்தாயி ஆண்குரலான டெனருக்கே போய்விடுகிறது. பேஸ் பாடகருக்குக் கிழவன், பூசாரி, பேய் இவைதான் மிச்சமா?

பதில்: மோட்சார்ட்டின் ‘டான் ஜொவான்னி’யை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். காதலிப்பதையே தொழிலாகக் கொண்ட நாயகன், அவனுடைய வேலைக்காரன், புதுமாப்பிள்ளையான உழவன், கல்லறையிலிருந்து எழுந்து வரும் சிலை ஆகிய நால்வரும் கனத்த குரல்காரர்கள். டெனர் ஒருவர் மட்டுமே. இத்தாலியின் எட்ஸியோ பின்ஸா அந்த நாயகனாக நியூயார்க் மெட்ரோபாலிடன் அரங்கை ஆண்டுக்கணக்கில் கட்டிப்போட்டவர். இசைக்குறிப்பைச் சரியாக வாசிக்கத் தெரியாமல், எல்லாவற்றையும் செவிவழியே கற்றவர் அவர்.

இருந்தாலும் உங்கள் கவனிப்பு பொதுவாகச் சரிதான். ஆனால் ‘மிச்சம்’ என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். டெனருக்கு ஆசையும் பேஸுக்கு அதிகாரமும் பங்கு பிரிக்கப்பட்டபோது, அதிகாரத்தின் உள்ளே இருக்கும் தனிமையும் குற்றவுணர்வும் கூடவே பேஸுக்கு வந்து சேர்ந்தன. முசோர்க்ஸ்கியின் ‘போரிஸ் கொதுனோவ்’ அதற்குச் சாட்சி. சிறுவன் ஒருவனைக் கொன்று அரியணை ஏறியதாகக் கருதப்படும் ஜார் மன்னர், அறையில் கடிகாரம் அசையும்போது அந்தச் சிறுவனின் உருவத்தைக் காண்கிறார். ரஷ்யாவின் கசானில் 1873-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஃபியோதர் ஷாலியாப்பின், இந்தப் பாத்திரத்தை ஏற்கும் முன் வரலாற்றாசிரியர் வசீலி க்ளுச்செவ்ஸ்கியிடம் சென்று போரிஸின் காலத்தைப் பற்றிக் கேட்டறிந்தார். 1908-இல் பாரிஸில் அவர் அந்தக் காட்சியை நடித்தது ஓபராவில் நடிப்பு என்றால் என்ன என்பதையே மாற்றியது. லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் 1928-இல் நேரடியாகப் பதிவான ஒலி இன்றும் கிடைக்கிறது. இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு கேளுங்கள். சுரத்திலிருந்து பேச்சுக்கும், பேச்சிலிருந்து மூச்சுத் திணறலுக்கும் அவர் நழுவுவது எந்த இடத்தில் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அவருக்குப் பின்னால் வந்த பலர் அந்தத் திணறலை மட்டும் நகலெடுத்தார்கள். அது எனக்கு வருத்தம் தரும் செய்தி. சுரத்தை விட்டுவிடாமலேயே உணர்ச்சியைக் காட்ட முடியும் என்பதற்கு ஜெர்மனியின் கூர்ட் மோல் போன்ற அமைதியான பாடகர்கள் சான்றாக இருக்கிறார்கள். மோட்சார்ட்டின் ‘மந்திரப் புல்லாங்குழல்’ ஓபராவின் 1972-ஆம் ஆண்டுப் பதிவில் அவர் பாடும் சரஸ்த்ரோவைக் கேளுங்கள். பழிவாங்கலுக்கு இங்கே இடமில்லை என்று சொல்லும் குருவின் குரலில் எதையும் நிரூபிக்கும் அவசரம் இல்லை. மந்தர மத்யமத்தில் வந்து இறங்கும்போதுகூட அவர் இறங்கியது நமக்குத் தெரிவதில்லை.

கேள்வி (யாழ்ப்பாணம் வாசகர்): ஓபரா வேண்டாம், பியானோவும் ஒரு குரலும் மட்டும் உள்ள பாடல்களில் எதைக் கேட்கலாம்?

பதில்: ஷூபர்ட் தம் இருபதாவது வயதில், 1817-இல், மத்தியாஸ் கிளாவ்தியுஸின் கவிதைக்கு இசையமைத்த ‘சாவும் கன்னியும்’. மூன்று நிமிடத்துக்கும் குறைவான பாடல். முதல் பாதியில் இளம்பெண் பதறுகிறாள்: நான் இன்னும் சிறியவள், என்னைத் தொடாதே. பிறகு சாவு பதில் சொல்கிறது. கையைக் கொடு, நான் நண்பன், தண்டிக்க வரவில்லை என்னும் அந்தப் பதிலில் மெட்டு ஏறக்குறைய ஒரே சுரத்தில் நிற்கிறது. பியானோ மட்டும் அடியில் மெல்ல நடக்கிறது. அசைவே இல்லாத அந்தச் சுரத்தைப் பாடகர் சலிப்பாக்காமல் ஆறுதலாக்க வேண்டும். கடைசியில் ‘என் கைகளில் மெதுவாகத் தூங்குவாய்’ என்ற சொற்களில், ஒஸ்மின் கொக்கரித்த அதே தாழ்ந்த சுரத்துக்கு இறங்கலாம் என்று ஷூபர்ட் விருப்பத் தேர்வாக எழுதிவைத்திருக்கிறார். அங்கே மூர்க்கமாக ஒலித்த 73 அதிர்வு இங்கே தாயின் மடியாக ஒலிக்கிறது.

இதற்கு நேர் எதிராக, நம்பவே முடியாத சாவின் குரல் ஒன்றையும் கேளுங்கள். முசோர்க்ஸ்கியின் ‘சாவின் பாடல்களும் நடனங்களும்’ தொகுப்பில் முதலாவது, ‘தாலாட்டு’. நோயில் கிடக்கும் குழந்தையின் வாசலுக்கு விடியும்முன் சாவு வந்து, நீ களைத்துப்போயிருக்கிறாய், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தாயிடம் சொல்லித் தாலாட்டத் தொடங்குகிறது. தாயின் பதற்றத்தையும் சாவின் ஆராரோவையும் ஒரே பாடகர் மாறி மாறிப் பாட வேண்டும். முசோர்க்ஸ்கியின் பாடல்கள் அனைத்தையும் பதிவு செய்த போரிஸ் கிறிஸ்தோஃபின் குரலில் அந்த ஆராரோ ஒவ்வொரு முறையும் சற்றே மென்மையாகிக்கொண்டு போகும். மென்மையாக ஆக அச்சம் கூடும். இரவில் தனியாக இருக்கும்போது கேட்க வேண்டாம் என்று எச்சரித்துவிடுகிறேன்.

நீண்ட தொகுப்பு வேண்டுமென்றால், ஹான்ஸ் ஹாட்டர் 1954-இல் ஜெரால்ட் மூரின் பியானோவோடு பதிவு செய்த ஷூபர்ட்டின் ‘குளிர்காலப் பயணம்’.

கேள்வி (கடலூர் வாசகி): என் மகனுக்கு 16 வயது. மகரக்கட்டுக்குப் பிறகு குரல் மிகவும் கனத்துவிட்டது. பாட்டில் ஆர்வம் உண்டு. இன்னும் கனமாக்க வேண்டுமென்று தொண்டையை அழுத்திப் பாடுகிறான். சரியா?

பதில்: அழுத்த வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள், அம்மா. கீழ்ச் சுரம் குரல்நாளங்கள் தளர்ந்து தடித்திருக்கும்போது தானாக வருவது. அழுத்தினால் உறுமல் வரும், சுரம் வராது. காலையில் எழுந்தவுடன் குரல் இன்னும் தாழ்வாக இருப்பதைக் கண்டு அதுதான் தன் உண்மையான குரல் என்று அவன் நினைத்துக்கொள்ளவும் கூடாது. இரவு உறக்கத்தில் குரல்நாளங்கள் சற்று வீங்கியிருப்பதன் விளைவு அது. கனத்த ஆண்குரல் மற்ற எல்லாக் குரல்களையும்விடத் தாமதமாகப் பழுப்பது. பெரிய பேஸ் பாத்திரங்களை முப்பது வயதுக்குப் பிறகே பாடகர்கள் நம்பிக்கையோடு ஏற்கிறார்கள். இப்போதைக்கு அவன் சிரமமில்லாத நடுப்பகுதியில், மெல்லிய ஒலியில், சொற்கள் சிதையாமல் பாடிப் பழகட்டும். தொண்டையில் வலியோ கரகரப்போ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (கொழும்பு வாசகர்): அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ராப்சனை இந்த வரிசையில் சேர்ப்பீர்களா? அவர் ஓபரா பாடகர் அல்லவே.

பதில்: தயங்காமல் சேர்ப்பேன். அடிமைப்பட்ட கறுப்பின மக்களின் பக்திப் பாடல்களைச் செவ்வியல் கச்சேரி மேடைக்கு உரியவையாக நிலைநிறுத்தியவர்களுள் அவர் முதன்மையானவர். 1925-இல் நியூயார்க்கில் அந்தப் பாடல்களை மட்டுமே கொண்டு ஒரு முழுக் கச்சேரி செய்தார். அவருடைய பேஸ்-பாரிடோன் குரலில் அலங்காரமே கிடையாது. ஒரு சொல்லை எடுத்து, நேராக நம் முன் வைப்பார்.

அரசியல் கருத்துகளுக்காக அமெரிக்க அரசு 1950-இல் அவருடைய பாஸ்போர்ட்டை முடக்கியது. 1958-இல்தான் திரும்பக் கொடுத்தது. இடையில் 1957-இல் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் போர்த்கால் நகரில் தங்கள் கலைவிழாவுக்கு அவரை அழைத்தார்கள். போக முடியாத அவர், நியூயார்க்கில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று, அட்லாண்டிக் கடலுக்கு அடியில் செல்லும் தொலைபேசிக் கம்பி வழியாகப் பாடினார். அரங்கில் ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள். அவர் பாடி முடித்ததும் அவர்கள் சேர்ந்து நின்று, அதே கம்பி வழியாக, உன்னை வரவேற்கக் காத்திருக்கிறோம் என்ற தங்கள் பாட்டை அவருக்குத் திருப்பிப் பாடினார்கள். அந்த ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது, தேடிக் கேளுங்கள்.